பிட்டுத் துணியிலிருந்து பொம்மைச் சட்டை வரை: பிள்ளைகள் தாங்களே உடை வடிவமைத்துத் தைக்க முழுமையான வழிகாட்டி

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கவுனும் பாவாடையுமாக வரைந்து தள்ளுகிற எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் படத்தைத் துணியாக்குவது எப்படி என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பையனோ பெண்ணோ, வித்தியாசம் இல்லை. பள்ளி லீவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில், எல்லாரும் ஒரே நாலைந்து இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

பொம்மைக்குத் தைப்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். வெட்டினது தப்பினால் போவது உள்ளங்கை அகலத் துணி, அவ்வளவுதான். ஒரு மதியத்தில் ஒரு உடை முடிந்துவிடும், அதனால் பிள்ளைக்கு அலுப்பு வருவதற்குள் கையில் பலன் இருக்கும்.

பெரும்பாலானவர்கள் பிள்ளையை முதலில் படம் வரையச் சொல்கிறார்கள், அப்புறம் அந்தப் படத்துக்குத் துணி தேடுகிறார்கள், அதில்தான் பாதிப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். வரைந்தது மிதக்கிற மாதிரி ஒரு கவுன், கையில் இருப்பது விறைத்த பேன்ட் துணி, அழுகைதான் மிச்சம். வரிசையை மாற்றுங்கள்: துணி முதலில், பொம்மையின் அளவு இரண்டாவது, படம் மூன்றாவது, கத்தரிக்கோல் கடைசி.

1. உட்காருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாகத் தேட எழுந்தால் பிள்ளையின் கவனம் போய்விடும். எல்லாம் ஒரு டப்பாவில் இருக்கட்டும்.

துணிக்கென்று தனியாக ஒரு சின்னக் கத்தரிக்கோல் வேண்டும், அதில் காகிதம் வெட்டவே கூடாது, காகிதம் வெட்டினால் முனை மழுங்கி அப்புறம் துணியை மென்று தின்னும். காகிதத்துக்கு வேறு கத்தரிக்கோல் கொடுங்கள். இடதுகைப் பிள்ளையாக இருந்தால் இடதுகைக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் பிள்ளைக்கு வெட்ட வரவில்லை என்று நினைத்துவிடுவீர்கள், கோளாறு கத்தரிக்கோலில் இருக்கும்.

கைத்தையல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 7 அல்லது 8 போதும். அதற்கு மேல் மெல்லியது வாங்கினால் காதில் நூல் கோர்ப்பதற்குள்ளேயே பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். ஊசி கோர்க்கும் சின்னக் கம்பி தையல் சாமான் கடைகளில் கிடைக்கும், அதையும் வாங்கிவிடுங்கள்.

தலையில் கலர் மணி வைத்த குண்டூசி, டெய்லர் சாக்பீஸ், மில்லிமீட்டர் தெரிகிற ஸ்கேல், பென்சில், பழைய செய்தித்தாள், இருப்பதிலேயே சின்ன டிச் பட்டன். தையல் மிஷின் வேண்டாம். பொம்மையின் கைத்துளைக்குள் மிஷின் பாதம் நுழையாது, அதோடு மிஷின் ஓடும் வேகத்தில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது.

குண்டூசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். நாம் பாயில் உட்காருகிறவர்கள், வெறுங்காலோடு நடக்கிறவர்கள். ஒரு பழைய காந்தத்தை டப்பாவிலேயே போட்டுவைத்தால், முடிந்ததும் பாய் மேல் ஒரு தடவை ஓட்டிவிடலாம்.

2. துணி சேர்ப்பதும் கழிப்பதும்

புதுத்துணி வாங்காதீர்கள். புதுத்துணியில் வெட்டப் பிள்ளை பயப்படும், வெட்டின பிறகு நீங்கள் கோபப்படுவீர்கள். தெருவில் உள்ள டெய்லர் கடையில் "அண்ணா, பிட்டுத் துணி இருந்தா குடுங்க" என்று பிள்ளையையே கேட்கவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் போய் நிற்காதீர்கள், அவர் தலை நிமிரக்கூட நேரமில்லாமல் இருப்பார். தீபாவளி முடிந்த வாரம் போனால் மூட்டையாகவே கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று காரியம். முதலாவது, உள்ளங்கையை விடச் சின்னதை ஒதுக்குங்கள். இரண்டாவது, எல்லாவற்றையும் தண்ணீரில் அரைமணி ஊறவையுங்கள். சிவப்பு, கருநீலம், கறுப்புத் துணிகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். தண்ணீரில் சாயம் இறங்கினால் பொம்மையின் உடம்பிலும் இறங்கும், பிளாஸ்டிக் குடித்த சாயத்தை எடுப்பது பெரும்பாடு. தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள், தெளியவே இல்லையென்றால் அந்தத் துணிக்கு உள்ளே வெள்ளை லைனிங் கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, துணியின் குணம் பார்த்துப் பிரிப்பது. ரவிக்கைக்கு எடுக்கிற டூ பை டூ ரூபியா பிட்டுதான் என் கணக்கில் முதல் துணி. மெல்லியது, பருத்தி மாதிரியே மடிப்பு நிற்கும், எல்லாக் கலரிலும் கிடைக்கும், பூப்போட்ட தொல்லை இல்லை. பழைய வேட்டி, வாயல், பாப்ளின் எல்லாம் அடுத்த வரிசை. பனியன் துணியில் நூல் பிரியாது, ஆனால் வெட்டின ஓரம் சுருண்டுகொள்ளும். சாட்டின், ஜார்ஜெட், வெல்வெட், பட்டு இதெல்லாம் பிள்ளையின் கண் முதலில் போகிற துணிகள். அவற்றை ஒரு கவரில் போட்டு மேலே வைத்துவிடுங்கள், வழுக்கும், பிசிறு பிரியும், கோணலாக வெட்டுப்படும். நாலு உடை முடித்த பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

அச்சுப் பூவின் அளவையும் பாருங்கள். 29 செ.மீ. உயரப் பொம்மை என்பது மனித உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒன்று. துணியில் 3 செ.மீ. இருக்கிற பூ, பொம்மை மேல் வந்ததும் நம் உடம்பில் 18 செ.மீ. பூவாகத் தெரியும், அதாவது ஒரு சின்னத் தட்டை நெஞ்சில் ஒட்டின மாதிரி. புள்ளி, மெல்லிய கோடு, சின்னக் கட்டம் எடுங்கள்.

3. வரைவதற்கு முன் துணியைக் கையில் கொடுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. அரைமணி நேரம் போதும்.

நாலு வகைத் துணியைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் பொம்மையின் இடுப்பில் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போடச் சொல்லுங்கள். வேட்டித் துணி கீழே விழுந்து உடம்போடு ஒட்டும். பேன்ட் துணி கூடாரமாக விரிந்து நிற்கும். பனியன் துணி இழுபடும். எது எப்படி நிற்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம்.

அப்புறம் ஒரு துண்டை நேராக இழுக்கச் சொல்லுங்கள், அப்படியே மூலைவாட்டமாகவும் இழுக்கச் சொல்லுங்கள். நேராக இழுத்தால் அசையாத துணி மூலைவாட்டத்தில் ரப்பர் மாதிரி நீளும். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலும் அகலவாக்கில் ஓடுகிற ஊடை நூலும் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடுவதால் வருகிற வேலை இது. டெய்லர்கள் கிராஸ் என்று சொல்வது இதைத்தான். இதைக் கையால் தெரிந்துகொண்ட பிள்ளை, பின்னாடி வெட்டும்போது காகிதத்தை ஏனோதானோ என்று கோணலாக வைக்காது. வாயால் எத்தனை தடவை சொன்னாலும் இது ஏறாது.

4. அளவு எடுப்பது

இஞ்சு டேப்பைப் பொம்மைமேல் சுற்றாதீர்கள். டேப் தடிமனானது, இடுப்பில் சுற்றினால் கொஞ்சம் கூட்டிக் காட்டும். தையல் நூலைச் சுற்றி, சேருகிற இடத்தில் நகத்தால் பிடித்து, எடுத்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்.

எடுக்க வேண்டியவை: கழுத்துச் சுற்று, மார்புச் சுற்று, இடுப்பு, சீட் (இடுப்புக்குக் கீழே உடம்பு அகலமாக இருக்கிற இடம்), தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால், கை நீளம். பொம்மையின் படம் ஒன்றைப் போட்டு அதன் மேலேயே எழுதச் சொல்லுங்கள், தனியாகப் பட்டியல் போட்டால் எது எந்த இடத்து அளவு என்பது மறுநாளே மறந்துபோகும்.

இணையத்தில் கிடைக்கிற ரெடிமேட் பேட்டர்னை (துணி வெட்டுவதற்கான காகித வடிவத்தை) அப்படியே அச்சடித்து வெட்டுவது பலர் செய்கிற தவறு. பார்பி பொம்மைகளிலேயே 2016 முதல் உயரமானது, குட்டையானது, சதைப்பிடிப்பானது என்று பல உடல்வாகு வந்துவிட்டது. கடைத்தெருவில் கிடைக்கிற மற்றப் பொம்மைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது கூடவே அளவு ஜாக்கெட் கொடுப்பது எதற்காக? இதற்கும் அதே நியாயம்தான்.

5. இப்போது படம்

வெள்ளைக் காகிதத்தில் பொம்மையைப் படுக்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிலும் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்து ஜெராக்ஸ் எடுங்கள். இனி பிள்ளை வரைவதெல்லாம் அந்த உருவத்தின் மேல்தான். படத்தின் அளவும் பொம்மையின் அளவும் ஒன்றாகிவிடுவதால், பாவாடை எவ்வளவு நீளம் என்பதைப் படத்திலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம். சும்மா வெள்ளைத்தாளில் வரையச் சொன்னால் கால் மட்டும் இரண்டு மடங்கு நீளமாக வரும், உடை அந்தக் காலுக்குத்தான் பொருந்தும்.

ஒவ்வொரு உடைக்கும் இரண்டு படம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கம் வரையாத பிள்ளைகள்தான் அதிகம், அங்கேதான் உடை திறக்க வேண்டும். வரைந்து முடித்ததும் இரண்டே கேள்வி கேளுங்கள்: "இதை அவளுக்கு எப்படி மாட்டுவே?", "தையல் எங்கெங்கே வரும்?" இது முடியாது, அது வராது என்று நீங்கள் சொல்லவே தேவையில்லை. மாட்டுவது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்ததுமே பிள்ளை தானாக ரப்பரை எடுத்துக் கழுத்தைத் திருத்தும், பின்னால் ஒரு கோடு போட்டுப் பட்டன் வைக்கும். அந்த ஐந்து நிமிடம்தான் வடிவமைப்பு, மற்றதெல்லாம் அலங்காரம்.

படத்தின் ஓரத்தில் அந்தத் துணியின் ஒரு சின்னத் துண்டை ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். கலர் பென்சிலில் நிறம் தீட்டுவதை விட இது மேல், இல்லாத நிறத்துக்கு ஆசைப்பட இடம் இருக்காது.

6. முதல் உடை: தைக்காமல் கட்டுவது

ஊசியைத் தொடுவதற்கு முன் ஒரு உடை முடிந்துவிட வேண்டும். நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீடாக இருந்தால் மரப்பாச்சியை எடுங்கள், அதற்கு உடுத்துவதுதான் சரியான முதல் பாடம். மரப்பாச்சிக்குக் கை உடம்போடு சேர்த்துச் செதுக்கியிருக்கும், மடங்காது. அதனால் கை நுழைக்கிற சட்டை எதுவும் போட முடியாது, சுற்றிக் கட்டுவது ஒன்றுதான் வழி. வேறு வழியே இல்லாததால் பிள்ளை துணியை மடிக்கவும் சுற்றவும் பழகிவிடும்.

29 செ.மீ. பொம்மைக்குச் சேலை என்றால் கணக்குப்படி ஐந்தரை மீட்டரில் ஆறில் ஒன்று, அதாவது சுமார் 92 செ.மீ. நீளமும் 19 செ.மீ. அகலமும் வரும். அப்படியே வெட்டினால் ஏமாந்துபோவீர்கள். அளவை ஆறில் ஒன்றாகக் குறைக்கலாம், துணியின் தடிமனைக் குறைக்க முடியாதே. கொசுவம் வைக்கிற இடத்தில் துணி குவிந்து பொம்மைக்குத் தொப்பை வந்துவிடும். 70, 75 செ.மீ. நீளம் எடுங்கள், கொசுவத்தில் நாலு மடிப்புக்கு மேல் வேண்டாம். மரப்பாச்சி வேறு உயரமாக இருந்தால் அதன் உயரத்தை வைத்து இதே விகிதத்தில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்து, ஒரு துணி கிளிப்பைப் போட்டு, அன்றிரவு கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டால் இஸ்திரிப் பெட்டியே தேவையில்லை. இடுப்பில் ஒரு நூல்கயிறைக் கட்டி அதில்தான் சொருக வேண்டும். பசை போட்டு ஒட்டாதீர்கள், அவிழ்த்துக் கட்டிப் பார்ப்பதில்தான் பாடமே இருக்கிறது.

7. இரண்டாவது உடை: சுருக்குப் பாவாடை

இங்கேதான் ஊசி வருகிறது. அதற்கு முன் ஒரு பழைய வேட்டித் துண்டில் கோடு போட்டு ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாகக் குத்திக்கொண்டே போவது) பழகட்டும். நூல் ஒரு முழம் போதும், அந்தப் பிள்ளையின் முழம். நீளமாக விட்டால் அடிக்கடி கோர்க்க வேண்டாம் என்று தோன்றும், ஆனால் நீள நூல் முடிச்சு விழுந்தே தீரும், முடிச்சை அவிழ்ப்பதிலேயே மதியம் போய்விடும். பழகும்போது துணிக்கு மாறான கலர் நூல் கொடுங்கள், தையல் எங்கே பெரிதாகப் போயிற்று என்று கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு தையலும் 3 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது.

இடுப்பு 9 செ.மீ., இடுப்பிலிருந்து கணுக்கால் 17 செ.மீ. என்று ஒரு பொம்மையை வைத்துக்கொள்வோம். மெல்லிய துணிக்கு இடுப்பைப் போல இரண்டரை மடங்கு அகலம்: 22.5 செ.மீ. அதோடு இரண்டு பக்கமும் தையலுக்கு 6 மி.மீ. சேர்த்தால் சுமார் 24. நீளத்துக்கு 17, கீழ் மடிப்புக்கு ஒன்றரை, மேலே 6 மி.மீ., ஆக 19. பாப்ளின் மாதிரிக் கொஞ்சம் தடித்த துணியென்றால் ஒன்றரை மடங்கு அகலத்துக்கு மேல் போகாதீர்கள், சுருக்கு இடுப்பில் மூட்டையாக நிற்கும். இடுப்புப் பட்டிக்கு 12 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் இன்னொரு துண்டு.

பிள்ளைகளுக்குத் தைக்கிற துணியில் உள்ளே ஒரு இஞ்சு தையலுக்கு விடுகிற பழக்கம் நமக்கு உண்டு, பிள்ளை வளரும், பிரித்துக்கொள்ளலாம் என்று. பொம்மை வளராது. 6 மி.மீ.க்கு மேல் விட்டால் உள்ளே திணிந்துகொண்டு உடை கோணும்.

தைக்கிற வரிசை இது. மாற்றினால் சிக்கல்.

முதலில் கீழ் ஓரத்தை மடித்துத் தையுங்கள். கரை வைப்பதென்றால் இப்போதே, துணி தட்டையாக இருக்கும்போதே வைத்துவிட வேண்டும், 1 செ.மீ. ஜரிகை லேஸ் போதும், நம் உடம்புக்கு அது 6 செ.மீ. பட்டுக்கரைக்குச் சமம். பக்கத்தை மூட்டிக் குழாயாக்கின பிறகு கீழ் ஓரம் தைக்க உட்கார்ந்தால், உள்பக்கத் துணியையும் சேர்த்துத் தைத்துவிடுவது நிச்சயம்.

அடுத்து, மேலிருந்து 4 செ.மீ. தூரத்துக்கு இரண்டு பக்க ஓரங்களையும் உள்ளே மடித்துத் தையுங்கள். அது பின்னால் திறக்கிற இடம். இடுப்பு 9 ஆக இருந்தாலும் சீட் அதை விடப் பெரிது, திறப்பு இல்லாவிட்டால் பாவாடை சீட்டைத் தாண்டி மேலே ஏறாது.

மூன்றாவது, சுருக்கு. மேல் ஓரத்திலிருந்து 4 மி.மீ.இல் ஒரு ஓட்டம், 8 மி.மீ.இல் இன்னொரு ஓட்டம், இரட்டை நூலில். ஒரு முனையில் முடிச்சு, மறுமுனை சும்மா தொங்கட்டும். இரண்டு நூலையும் சேர்த்து மெதுவாக இழுத்தால் துணி சுருங்கும். ஒரே ஓட்டம் போட்டால் சுருக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும், நூல் அறுந்தால் எல்லாம் முதலிலிருந்து. இரண்டு ஓட்டம் இருந்தால் சுருக்கு நேராக நிற்கும், இரண்டுக்கும் நடுவில் பட்டியைத் தைக்கலாம், அப்புறம் வெளியே தெரிகிற கீழ் ஓட்டத்தை உருவிவிடலாம்.

பட்டியைத் தைக்கும்போது முதலில் பாவாடையின் நடுவும் பட்டியின் நடுவும் சேரும்படி குண்டூசி குத்துங்கள். பிள்ளைகள் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்துப் போவார்கள், கடைசியில் சுருக்கெல்லாம் ஒரு பக்கமாகக் கூடிவிடும். பட்டி ஒரு முனையில் 1 செ.மீ. நீண்டிருக்கட்டும், டிச் பட்டன் அதில்தான் வரும்.

கடைசியாகப் பாவாடையின் பின்பக்கத்தை மூட்டுகிற தையலைக் கீழிருந்து மேலே, திறப்பு வரைக்கும் போடுங்கள். திறப்பு ஆரம்பிக்கிற இடத்தில் மூன்று நாலு பின்தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரு தையல் பின்னால் போய்க் குத்துவது) கண்டிப்பாக வேண்டும், மாட்டிக் கழற்றும்போது முதலில் கிழிகிற இடம் அதுதான்.

குடைப் பாவாடை வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. வட்டத்தின் நடுவில் வெட்டுகிற ஓட்டைக்கு ஆரம், இடுப்பை 6.28ஆல் வகுத்தால் வருவது. 9 செ.மீ. இடுப்புக்கு ஒன்றரை செ.மீ.கூட வராது. நம்பவே மாட்டார்கள், பெரிதாகத்தான் வெட்டுவார்கள், பாவாடை வழுக்கிக் காலடியில் விழும். கணக்கில் வருவதை விடவும் இரண்டு மி.மீ. குறைத்தே வெட்டுங்கள், ஓட்டையின் ஓரத்தில் கிராஸ் வருகிற இடங்கள் தானாக நீண்டுகொடுக்கும்.

8. மூன்றாவது உடை: சட்டை

தனியாகக் கை வெட்டி, கைத்துளையில் வைத்துத் தைக்கிற சட்டை இப்போது வேண்டாம். கையும் உடம்பும் ஒரே துண்டாக, விரித்தால் சிலுவை மாதிரி இருக்கும் சட்டைதான் முதல் சட்டை. தோளில் தையல் இல்லை, கைத்துளையும் இல்லை. இரண்டு பக்கத் தையலோடு முடிந்துவிடும்.

செய்தித்தாளை மடித்து, மடிப்பைத் தோளாக வைத்துக்கொள்ளுங்கள். மார்பு 13 செ.மீ. என்றால் தளர்வுக்கு 3 சேர்த்து 16, அதில் பாதி 8, இரண்டு பக்கமும் தையலுக்கு 6 மி.மீ., ஆக உடம்பின் அகலம் 9.2. கை இரண்டு பக்கமும் 3 செ.மீ. நீளட்டும். கையும் உடம்பும் சேருகிற அக்குளில் கூர்மூலை வேண்டாம், கொஞ்சம் வளைத்து வரையுங்கள்.

கழுத்தில்தான் எல்லாச் சட்டையும் கெடுகிறது. பின்பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரை முழுக்கத் திறக்கப்போவதால் பொம்மையின் தலை கழுத்து வழியாக நுழைய வேண்டியதே இல்லை. இது தெரியாமல் தலைக்கு அளவெடுத்து வெட்டுவார்கள், சட்டை தோளில் நிற்காது. கழுத்துச் சுற்று 6, 7 செ.மீ. இருக்கிற பொம்மைக்கு, முடிந்த கழுத்தின் விட்டம் சுமார் 2 செ.மீ. தான். ஓரத்தை 3 மி.மீ. மடித்தால் விட்டம் 6 மி.மீ. பெரிதாகும், எனவே வெட்டுவது ஒன்றரை செ.மீ.க்கும் குறைவாக. ஒரு சட்டைப் பட்டனை வைத்துக் கோடு போட்டாலே போதும். வட்டத்தின் பெரும்பகுதி மடிப்புக் கோட்டுக்கு முன்பக்கம் இருக்கட்டும், கழுத்து முன்னால்தானே இறங்கும். போதாவிட்டால் அப்புறம் வெட்டிக்கொள்ளலாம், பொம்மையில் 2 மி.மீ. என்பது நமக்கு ஒரு செ.மீ.க்கு மேல்.

காகிதத்தை வெட்டியதும் நேராக நல்ல துணிக்குப் போகாதீர்கள். பழைய வேட்டியில் ஒன்று வெட்டிக் குண்டூசியால் மட்டும் பிடித்துப் போட்டுப் பாருங்கள். இறுக்கம், நீளம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும், திருத்தத்தைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் துணி. காகிதத்தைப் பாவு நூலுக்கு நேராக வையுங்கள். வெட்டியதும் பின்பக்கத்தை நடுவில் நேராகக் கீறுங்கள். இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கும்: ஒரே துணியை நடுவில் கீறினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பட்டன் போட இடம் எங்கிருந்து வரும்? இரண்டு ஓரத்தையும் மடித்த பிறகு நடுவில் இடைவெளிதான் மிஞ்சும். அதனால் ஒரு ஓரத்தில் 2 செ.மீ. அகலத்தில் தனியாக ஒரு பட்டி வைத்துத் தைக்க வேண்டும், ரவிக்கையில் கொக்கிப் பட்டி வைப்பது போலவே. இதெல்லாம் கஷ்டமாக இருந்தால் இரண்டு ஜோடி நாடா வைத்துக் கட்டிவிடுங்கள், முதுகு கொஞ்சம் தெரிந்தால் தெரியட்டும்.

வரிசை: கழுத்து ஓரம், பின் திறப்பின் ஓரங்கள், பட்டி, கையின் ஓரம். இவ்வளவும் துணி தட்டையாகக் கிடக்கும்போதே. அதற்குப் பிறகுதான் நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து, கையின் முனையிலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே தையலாகப் பக்கத்தை மூட்டுவது. கழுத்து வளைவை மடிக்கும் முன் 3 மி.மீ.க்குள் அங்கங்கே சின்னதாக வெட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் வளைவு மடங்காது. அக்குளிலும் அப்படியே, தையலைத் தொடாமல் ஒரு மி.மீ. முன்னால் நிறுத்துங்கள், அந்த இடத்தில் மட்டும் பின்தையல் போட்டிருக்க வேண்டும். வெட்டுக் கொடுக்காத சட்டையைத் திருப்பினால் அக்குளில் துணி இழுத்துப் பிடித்துக் கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். சட்டை சின்னதாகிவிட்டது என்று பிள்ளை சோர்ந்து உட்காரும், வேறு ஒன்றுமில்லை, இரண்டு வெட்டுதான் குறை.

திருப்புவதற்குப் பென்சிலின் மழுங்கின பக்கம் போதும். கீழ் ஓரமும் டிச் பட்டனும் கடைசி. மாட்டும்போது பொம்மையின் விரல்கள் துணியில் மாட்டும், கையில் சின்ன பிளாஸ்டிக் கவர் துண்டைச் சுற்றிக்கொண்டு நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். ஒட்டுப்பட்டி (வெல்க்ரோ) வைக்கலாமா என்று கேட்பார்கள், பொம்மையின் தலைமுடி அதில் சிக்கிப் பாழாகும், வேண்டாம்.

9. பிசிறு

துணி வெட்டின அன்றைக்கே தைக்க முடியாவிட்டால் ஓரத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்புப் பக்கம் வேண்டாம். முதலில் ஒரு கழிவுத் துண்டில் தடவிப் பாருங்கள், சில துணியில் கறை மாதிரித் தெரியும். பட்டுப் பிட்டாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே கோட்டின் மேல் தடவிவிட்டு, காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

10. உங்கள் கை எதுவரைக்கும் போகலாம்

இஸ்திரிப் பெட்டி உங்களுடையது. கத்தரிக்கோல் பாதிப்பாதி. ஊசியும் படமும் முழுக்கப் பிள்ளையுடையது.

ராத்திரி பிள்ளை தூங்கின பிறகு கோணல் தையலைப் பிரித்து நீங்கள் அழகாகத் தைத்து வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வீர்கள், ஆனால் தன் தையல் எது என்று பிள்ளைக்குத் தெரியும், மறுநாள் ஊசியை எடுக்காது. ஊதாப் பாவாடைக்குப் பச்சைச் சட்டை வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். கண்ணுக்கு ஒத்துவருகிறதா என்று அதுவே பார்த்து முடிவு செய்யட்டும், பெரும்பாலும் இரண்டாவது நாள் தானே மாற்றும், மாற்றாவிட்டாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது.

"கோணலா இருக்கே" என்பதற்குப் பதிலாக "எந்த இடத்துல இழுக்குது பாரு" என்று கேளுங்கள். இழுக்கிற இடத்தைக் கண்டுபிடித்தால் காரணத்தையும் கண்டுபிடித்துவிடும்.

11. எனக்கே தைக்கணும் என்று வந்து நின்றால்

கண்டிப்பாக வந்து நிற்கும். பொம்மைச் சட்டையின் காகிதத்தை ஆறு மடங்கு பெரிதாக்கினால் வேலைக்கு ஆகாது. பொம்மையின் இடுப்பும் தோளும் நிஜப் பிள்ளையின் விகிதத்தில் இல்லை, அதோடு பொம்மை உட்காராது, குனியாது, ஓடாது.

எலாஸ்டிக் பாவாடையில் ஆரம்பியுங்கள். அளவை இடுப்பில் எடுக்காமல் சீட்டில் எடுங்கள், பாவாடை ஏற வேண்டியது அந்த இடத்தைத் தாண்டித்தான். மெல்லிய பருத்தியில் சீட் அளவைப் போல ஒன்றரை மடங்கு அகலம், எலாஸ்டிக் நீளம் இடுப்பை விட நாலைந்து செ.மீ. குறைவு. இங்கே தையலுக்கு ஒரு இஞ்சு தாராளமாக விடுங்கள், கீழ் மடிப்பில் இரண்டு இஞ்சு உள்ளே இருக்கட்டும். நீளத் தையல்களுக்கு இப்போது மிஷினை எடுக்கலாம், சக்கரத்தை நீங்கள் கையால் மெதுவாகச் சுற்ற, துணியைப் பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். எலாஸ்டிக் நுழைக்கிற வாயை ஊக்கு போகிற அளவுக்குத் தைக்காமல் விட மறந்துவிடாதீர்கள்.